எல்லை தாண்டாத பணம்

பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயின், சென்னையில் அத்துணை ஆற்றல் வாய்ந்த நூறு ரூபாய் நோட்டு, டோக்கியோ நகரத்துத் தேநீர்க் கடையில் ஒரு குவளைத் தேநீரையும் வாங்கித் தராது. கடைக்காரர் அதனை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார்; அதில் விளங்கும் காந்தியடிகளின் உருவத்தைக் கண்டு புன்னகை செய்வார்; பின்னர்ப் பணிவோடு நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அது கள்ள நோட்டும் அன்று. கிழிந்த நோட்டும் அன்று. காலையில் சென்னையில் அதற்கு இருந்த மதிப்பு மாலையில் எங்கே போயிற்று?

இவ்வினாவிற்கு விடை அறிந்தவர், ஒரு நாட்டைவிட்டுப் புறப்படுமுன் தம் கையில் எஞ்சியுள்ள அந்நாட்டுப் பணத்தை வேற்று நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ள மறவார். அறியாதவர், பாடுபட்டுத் தேடிய பொருளைப் பெட்டியின் அடியில் வெறுந்தாளாகச் சுமந்து செல்வர். பணம் எல்லையில் நின்றுவிடுவதன் காரணத்தையும், அதனை முறையாக மாற்றிக்கொள்ளும் வழியையும் இப்பாடத்தில் காண்போம்.

பொன்னும் தாளும்

ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் யவனர் தம் மரக்கலங்களில் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தனர். முசிறி முதலிய பட்டினங்களில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றனர். அவர்கள் கொண்டுவந்த உரோமநாட்டுக் காசுகள் தமிழகத்தின் பல இடங்களில் இன்றும் நிலத்தினடியிலிருந்து கிடைத்து வருகின்றன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிக்கு அருகில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில், பேரரசருடைய தலையின் உருவத்தின்மேல் வெட்டிய தழும்பு ஒன்று காணப்பட்டது. அக்காசு இனிப் பணமாக வழங்கலாகாது, பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக அவ்வாறு வெட்டியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அத்தழும்பு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. உரோமப் பேரரசரின் தலையை வெட்டியபின்னும் அக்காசு மதிப்பிழக்கவில்லை. ஏன்? அதன் மதிப்பு அரசரின் முகத்தில் இல்லை. பொன்னின் எடையில் இருந்தது. பொன் எந்நாட்டிலும் பொன்னே. ஆதலின் அக்காசு கடலையும் எல்லையையும் தாண்டிச் சென்றது.

இன்றைய நோட்டு அத்தகையது அன்று. நூறு ரூபாய் நோட்டிலுள்ள தாளின் விலை மிகச் சிறிது. அதற்கு மதிப்பைத் தருவது அதன்மேல் அச்சிடப்பட்ட உறுதிமொழியே ஆகும். 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பணி தொடங்கிய இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர், அந்நோட்டை வைத்திருப்பவருக்கு அதிற்குறித்த தொகையைத் தருவதாகக் கையெழுத்திட்டு உறுதி கூறுகின்றார். அவ்வுறுதிமொழியை இந்திய நாட்டின் சட்டம் தாங்கி நிற்கின்றது. இந்நாட்டு மக்கள் அனைவரும் நம்புகின்றனர். காய்கறி விற்பவர் அதனை நம்பி வாங்குகிறார். அவரிடமிருந்து வண்டிக்காரர் நம்பி வாங்குகிறார். வண்டிக்காரரிடமிருந்து பள்ளிக்கூடம் கட்டணமாகப் பெறுகின்றது. இந்த நம்பிக்கைச் சங்கிலி எதுவரை நீண்டுள்ளதோ அதுவரையில்தான் நோட்டிற்கு மதிப்பு உண்டு. நாட்டின் எல்லையில் சட்டம் முடிகின்றது. அவ்விடத்தே சங்கிலியும் அறுகின்றது. டோக்கியோ நகரத்துக் கடைக்காரர் நம் நோட்டை வாங்கிக்கொண்டால், அவரிடமிருந்து அதனைப் பெற்றுக்கொள்வார் யார்?

எல்லை தாண்டிய ரூபாய்

நம் ரூபாய் ஒருகாலத்தில் எல்லைக்கு அப்பாலும் வழங்கியதுண்டு. குவைத்து, பகுரைன், கத்தார், துபாய் முதலிய பாரசீக வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாயே நெடுங்காலம் கடைத்தெருப் பணமாக இருந்தது. அப்பகுதியிலிருந்து பொன் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது; அதற்கு விலையாக ரூபாய் நோட்டுகள் வெளியே சென்றன. அந்நோட்டுகள் மீண்டும் ரிசர்வ் வங்கிக்கு வந்து வெளிநாட்டுப் பணம் கேட்டபோது, நாட்டின் செலாவணி இருப்புக் குறையலாயிற்று. ஆகவே 1959-ஆம் ஆண்டில் வளைகுடாப் பகுதிக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டுகள் வெளியிடப்பட்டன. பின்னர் 1961-இல் குவைத்தும் 1965-இல் பகுரைனும் தமக்கெனத் தினார் என்னும் பணத்தை அமைத்துக்கொண்டன. 1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதுகாறும் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த விகிதம் 7 ரூபாய் 50 காசாயிற்று. அதன்பின் கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன.

இலங்கையின் வரலாறும் இதனை ஒத்ததே. அங்கும் ரூபாய் என்னும் பெயரே வழங்குகின்றது. 1966-ஆம் ஆண்டுவரை இந்திய ரூபாய் ஒன்றும் இலங்கை ரூபாய் ஒன்றும் டாலருக்கு ஒரே மதிப்புடையனவாக இருந்தன. அக்காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறியவர் சில மணி நேரத்தில் தலைமன்னாரில் இறங்குவர். பெயரும் ஒன்று, மதிப்பும் ஒன்று. எனினும் இக்கரை நோட்டு வேறு. அக்கரை நோட்டு வேறு. கொழும்பில் 1950-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய வங்கியின் உறுதிமொழியைத் தாங்கியது அக்கரை நோட்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் உறுதிமொழியைத் தாங்கியது இக்கரை நோட்டு. இன்று மதிப்பும் வேறாகிவிட்டது. பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே பணமும் ஒன்றாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

நாணய வணிகர் செய்வது யாது?

ஒரு நாட்டின் உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு மற்றொரு நாட்டின் உறுதிமொழியைத் தருபவரே நாணய வணிகர். வங்கிகளும் இப்பணியைச் செய்கின்றன. அரசின் இசைவு பெற்ற தனி நிறுவனங்களும் செய்கின்றன. அவர்களுடைய கடைகளில் ஒரு பலகை தொங்கும். அதில் ஒவ்வொரு நாட்டுப் பணத்திற்கும் நேராக இரண்டு விலைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வாங்கும் விலை. மற்றொன்று விற்கும் விலை. இவை வணிகர் வாங்குவதும் விற்பதுமே அன்றி, நாம் வாங்குவதும் விற்பதும் அல்ல. இதனை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அரிசி வணிகர் உழவரிடம் வாங்கும் விலைக்கே நமக்கு விற்பாரா? விற்கமாட்டார். கடை வாடகை, ஆள் கூலி, வண்டிச் சத்தம் ஆகியவற்றைச் சேர்த்தே விலை கூறுவார். நாணய வணிகரும் அவ்வாறே. பல நாட்டு நோட்டுகளைப் பெட்டியில் வாங்கி வைத்தல் வேண்டும், அவை வட்டியின்றி முடங்கிக் கிடக்கும், காவல் வேண்டும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்புதல் வேண்டும், இவற்றினிடையே விகிதம் திடீரென இறங்கினால் இழப்பும் நேரும். இத்தனைக்கும் ஈடாகவே அவர் வாங்கும் விலையைக் குறைத்தும் விற்கும் விலையைக் கூட்டியும் வைக்கின்றார்.

ஒரு கணக்கினால் இதனைத் தெளிவாக்குவோம். அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் ஆசிரியர் நம் நாட்டைக் காண வருகின்றார் எனக் கொள்வோம். மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை மாநகரையும் கண்டு மகிழ்கின்றார். ஊர் திரும்பும் நாளில் அவர் கையில் 8,600 ரூபாய் எஞ்சியிருக்கின்றது. நாணய வணிகர் டாலரை வாங்கும் விலை 82 ரூபாய், விற்கும் விலை 86 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அப்பணத்திற்கு அவர் 100 டாலர் பெறுவார். ஆயின் வந்த நாளில் இதே 8,600 ரூபாயைப் பெறுவதற்கு அவர் ஏறத்தாழ 105 டாலர் கொடுத்திருப்பார். ஆகவே, செலவிடாத பணத்திற்காக அவர் இழந்தது ஏறத்தாழ 5 டாலர்.

அவர் இங்கே மாற்றாமல் தம் ஊருக்கே எடுத்துச் சென்றுவிட்டால் என்னாகும்? அங்கே இந்திய ரூபாயைக் கேட்டு வருவோர் சிலரே. வாங்கி வைத்தால் எப்பொழுது விற்கும் என்பது அந்நாட்டு வணிகருக்குத் தெரியாது. ஆதலின் டாலர் ஒன்றுக்கு 100 ரூபாய் தந்தால்தான் மாற்றுவேன் என்று அவர் கூறுதல் கூடும். அவ்வாறாயின் 8,600 ரூபாய்க்கு 86 டாலரே கிடைக்கும். இழப்பு 5 டாலர் என்பது 19 டாலராக உயரும். சில ஊர்களில் ரூபாயை மாற்றும் கடையே இராது.

எல்லாப் பணமும் எல்லா இடத்தும் ஒன்றுபோல் விலைபோவதில்லை. 2022-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட உலகக் கணக்கின்படி, நூறு செலாவணி வணிகங்களுள் ஏறத்தாழ 88-இல் ஒருபுறம் அமெரிக்க டாலர் இருந்தது. யூரோ, யென், பவுன் முதலியனவும் பல நாடுகளில் எளிதில் விலைபோகும். பிற நாடுகளின் பணம் பெரும்பாலும் தாய்நாட்டில்தான் நல்ல விலை பெறும். எந்த நாட்டுப் பணமோ அந்த நாட்டிலேயே அதனை மாற்றுவது நன்று என்னும் விதி இதனால் ஏற்பட்டது.

புறப்படுமுன் மாற்றுவதற்குரிய பிற காரணங்கள்

விலை குறைதல் ஒன்றே காரணம் அன்று. சட்டமும் ஒரு காரணமாகும். பல நாடுகள் தம் பணம் வெளியே செல்வதற்கு வரம்பு விதித்துள்ளன. தூனிசியா நாட்டின் தினாரை அந்நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோதல் கூடாது. அந்நாட்டுக்குச் செல்வோர் எஞ்சிய தினார்களைப் புறப்படுமுன் மாற்றியே ஆகவேண்டும். நம் நாட்டிலும் வரம்பு உண்டு. நாட்டைவிட்டுச் செல்பவர் ஒருவர் பொதுவாக 25,000 ரூபாய்வரை இந்திய நோட்டுகளை எடுத்துச் செல்லலாம் என்று 2014-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அண்டை நாடுகள் சிலவற்றிற்கு வேறு விதிகள் உண்டு. இத்தகைய விதிகள் அவ்வப்போது மாறும் இயல்பின. ஆதலின் பயணத்திற்கு முன் வங்கியில் கேட்டறிதல் அறிவுடைமை.

மற்றொரு காரணம் இன்னும் வலியது. உறுதிமொழியை அளித்த அரசே ஒருநாள் அதனைத் திரும்பப் பெறுதல் கூடும். 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு, அந்நாளில் வழங்கிவந்த 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லா என்று இந்திய அரசு அறிவித்தது. நாட்டிலிருந்தவர்கள் வங்கிகளின் வாயிலில் நீண்ட வரிசையில் நின்று மாற்றினர். அப்பொழுது வெளிநாட்டில் இருந்தவர்கள் என்செய்வர்? வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு 2017-ஆம் ஆண்டு ஜூன் 30 வரை தவணை கொடுக்கப்பட்டது. அவர்களும் நேரில் வந்து, சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, நாகபுரி ஆகிய ஐந்து நகரங்களிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகங்களில்தான் கொடுக்கவேண்டியிருந்தது. ஓரிரண்டாயிரம் ரூபாய்க்காக ஆயிரக்கணக்கில் செலவிட்டு யார் விமானம் ஏறி வருவர்? அடுத்த பயணத்திற்கு உதவும் என்று நம் நோட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வேற்று நாட்டவர்க்கோ அத்தவணையும் இல்லை. அவர்கள் கையில் இருந்தவை வெறும் நினைவுப் பொருள்களாயின.

ஐரோப்பாவிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2002-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பல நாடுகள் தத்தம் பழைய பணத்தை நீக்கி யூரோ என்னும் பொதுப்பணத்தைக் கைக்கொண்டன. செருமனி நாடு தன் பழைய மார்க்கு நோட்டுகளைக் காலவரையின்றி மாற்றித்தர முன்வந்தது. பிரான்சு நாடோ, தன் பழைய பிராங்கு நோட்டுகளை மாற்றும் தவணையை 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாளோடு முடித்துவிட்டது. அன்றுவரை பணமாக இருந்தது மறுநாள் தாளாயிற்று. ஒரு நாட்டின் நோட்டை வைத்திருப்பவர் அந்நாட்டின் செய்தியை அறிந்துகொண்டே இருத்தல் வேண்டும். அதனைவிட்டு நீங்கியவருக்கு அஃது எளிதன்று.

இவ்விழப்பு செல்வர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். கடல்கடந்து சென்று கட்டட வேலை செய்யும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். கடும் வெயிலில் செங்கல் சுமந்து ஈட்டிய பணம் அது. ஊருக்கு அனுப்பியது போக, வழிச் செலவிற்கென்று சிறு தொகையைக் கையில் வைத்திருப்பார். இறுதி நாளின் பரபரப்பில் அதனை மாற்ற மறந்து விமானம் ஏறிவிடுவார். தம் சிற்றூருக்கு வந்தபின், அந்நோட்டுகளை அங்கே மாற்ற வழியிராது. நகரத்திற்குச் சென்று மாற்றினால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட்கூலியும் போகும். நோட்டுகள் பெட்டியில் உறங்கும். அவருடைய இரண்டு மூன்று நாள் உழைப்பு அவ்வாறே வீணாகிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்து, முன்னரே இதனை எடுத்துச் சொல்லியிருந்தால் அவ்வுழைப்பு வீணாகியிராது அன்றோ?

மாற்றும் முறை

இனி, பணத்தை மாற்றிக்கொள்ளும் முறையைக் காண்போம்.

முதலாவது, தேவையான அளவே மாற்றுதல். ஒரு நாட்டில் இறங்கிய அன்றே கைப்பணம் முழுவதையும் மாற்றிவிடுதல் தவறு. செலவை மதிப்பிட்டுச் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். இக்காலத்தில் பல இடங்களில் அட்டையைக் கொண்டே பணம் செலுத்தலாம். ஆதலின் ரொக்கத்தின் தேவை முன்னைவிடக் குறைந்துள்ளது. செலவிடாத பணம் ஒவ்வொரு ரூபாயும் இருமுறை இழப்புக்கு உள்ளாகும் என்பதை மேலே கண்ட கணக்கு உணர்த்தும்.

இரண்டாவது, இரசீதைப் பேணுதல். வெளிநாட்டுப் பணத்தைக் கொடுத்து உள்நாட்டுப் பணம் பெறும்போது வணிகர் ஒரு சான்றுச் சீட்டுத் தருவார். அதனைக் கடவுச்சீட்டோடு வைத்துப் போற்றுதல் வேண்டும். எஞ்சிய பணத்தைத் திரும்ப மாற்றும்போது, இப்பணம் முறையாகப் பெற்றதே என்று காட்ட அச்சீட்டு உதவும். இந்தியா உட்படப் பல நாடுகளில், திரும்புகின்ற பயணியிடம் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு ஆகியவற்றோடு இச்சான்றையும் கேட்பர். சீட்டைக் குப்பையில் எறிந்தவர், பணம் கையிலிருந்தும் மாற்ற இயலாமல் தவிப்பர்.

மூன்றாவது, முன்னதாகவே கணக்கிடுதல். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு அமர்ந்து, விடுதிக் கட்டணம், உணவு, விமான நிலையத்திற்குச் செல்லும் வண்டிக் கூலி ஆகியவற்றைக் கூட்டுதல் வேண்டும். எதிர்பாராத செலவிற்கும் சிறிது ஒதுக்கலாம். எஞ்சியதை நகரத்திலேயே மாற்றுதல் நலம். நகரில் கடைகள் பல. ஒரு கடைக்கும் மற்றொன்றிற்கும் போட்டி உண்டு. விமான நிலையத்திலோ கடைகள் சில, வாடகை மிகுதி, வேறிடம் செல்லப் பயணிக்கு நேரமும் இல்லை. ஆதலின் அங்கே விலை பெரும்பாலும் பயணிக்குச் சாதகமாக இராது. நள்ளிரவில் புறப்படுவோர் கடை திறந்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனினும், மாற்றாமல் எடுத்துச் செல்வதைவிட விமான நிலையத்தில் மாற்றுவதே பெரும்பாலும் மேலாகும்.

நான்காவது, ஒரே கேள்வி கேட்டல். சில கடைகளில் தரகு இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். தரகு இல்லாத இடத்தில் விலையிலேயே அது மறைந்திருத்தல் கூடும். வேறு சில கடைகளில் விலை நன்றாக இருக்கும். கட்டணம் தனியே இருக்கும். ஆகவே விகிதத்தையும் தரகையும் தனித்தனியே ஆராய்ந்து மயங்க வேண்டா. “என்னிடம் இத்தனை ரூபாய் உள்ளது, எல்லாம் கழித்து என் கையில் எத்தனை டாலர் தருவீர்கள்?” என்று கேட்டால் போதும். இரண்டு மூன்று கடைகளில் இவ்வாறு கேட்டு, மிகுதியாகத் தருபவரிடம் மாற்றலாம்.

ஐந்தாவது, எந்தப் பணமாக மாற்றுவது என்று தேர்தல். ஊர் திரும்புகிறவர் தம் நாட்டுப் பணமாக மாற்றலாம். வேறொரு நாட்டிற்குச் செல்பவர் அந்நாட்டுப் பணம் கிடைக்குமாயின் அதனையே பெறலாம். ரூபாயை டாலராக்கி, டாலரை மீண்டும் யென்னாக்கினால் இருமுறை இழப்பு நேரும். செல்லும் நாட்டின் பணம் கிடைக்கவில்லையாயின், எங்கும் விலைபோகும் டாலர் போன்ற ஒன்றைப் பெறுதல் தக்கது.

ஆறாவது, கடையை விட்டு நீங்குமுன் எண்ணிப் பார்த்தல். நோட்டுகளைக் கடைக்காரர் முன்னிலையிலேயே எண்ணுதல் வேண்டும். கிழிந்தவை, எழுதப்பட்டவை, மிகப் பழையவை இருந்தால் அப்பொழுதே மாற்றித் தருமாறு கேட்டல் வேண்டும். இதில் நாணம் கொள்ளத் தேவையில்லை. எண்ணி வாங்குதல் ஐயத்தின் அடையாளம் அன்று; ஒழுங்கின் அடையாளம்.

நாணயம் என்னும் சொல்

தெருவோரத்தில் ஒருவர் அணுகி, வங்கியைவிட மிகுந்த விலை தருவதாகக் காதில் ஓதுதல் உண்டு. அவ்வாசைக்கு இடங்கொடுத்தல் கூடாது. அவர் தருவது கள்ள நோட்டாக இருக்கலாம். வழக்கொழிந்த பழைய நோட்டாக இருக்கலாம். எண்ணிக் கொடுப்பதுபோல் காட்டி இடையில் மடித்து மறைப்பதும் நிகழலாம். ஏமாற்றப்பட்டவர் எவரிடமும் முறையிட இயலாது. ஏனெனில் அவர் செய்ததும் குற்றமே. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கியின் இசைவு பெற்றவர்களிடம்தான் வெளிநாட்டுப் பணத்தை வாங்கவும் விற்கவும் வேண்டும். அவர்கள் தரும் இரசீது நமக்குக் காப்பு. நாட்டிற்கும் அதனால் நன்மை உண்டு. முறையாக மாற்றப்படும் ஒவ்வொரு டாலரும் நாட்டின் கணக்கில் ஏறுகின்றது.

காசு என்னும் பொருளைத் தரும் நாணயம் என்னும் சொல்லுக்கு நேர்மை என்னும் பொருளும் தமிழில் உண்டு. நாணயமானவர் என்று நாம் ஒருவரைப் புகழ்வது அவர் சொல் தவறாதவர் என்பதனால்தான். நோட்டு என்பதும் ஒரு சொல்லே. நாடு தன் மக்களுக்குக் கொடுத்த சொல். அச்சொல்லின் மதிப்பைக் காப்பது அரசின் கடமை. அது செல்லும் எல்லையை அறிந்து நடப்பது நம் கடமை.

சில்லறையின் பயன்

இறுதியாக ஒன்று. நாணய வணிகர் பெரும்பாலும் நோட்டுகளையே வாங்குவர். சில்லறைக் காசுகளை வாங்கமாட்டார். அவற்றின் எடை மிகுதி, மதிப்புச் சிறிது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் அனுப்பும் கூலிக்கே அவை போதா. ஆதலின் இறுதி நாளில் காசுகளை முதலில் செலவிடுதல் நன்று. தேநீர், செய்தித்தாள், பேருந்துக் கட்டணம் முதலியவற்றைக் காசாகக் கொடுத்து, நோட்டுகளை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின்னும் சில காசுகள் எஞ்சுமாயின் அவற்றிற்கும் ஒரு நல்வழி உண்டு. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி நிறுவனம் 1987-ஆம் ஆண்டு முதல், சில விமான நிறுவனங்களின் துணையோடு பயணிகளிடம் எஞ்சிய பல நாட்டுக் காசுகளைத் திரட்டி வருகின்றது. தனியொருவர் பையில் பயனின்றிக் கிடக்கும் காசுகள் ஒன்றுசேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்கு மருந்தாகவும் பாடநூலாகவும் மாறுகின்றன.

மாணவர்களே, உங்களுள் பலர் எதிர்காலத்தில் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் கடல் கடந்து செல்வீர்கள். சிலருடைய தந்தையரும் தமையன்மாரும் இன்றே வெளிநாட்டில் உழைத்து வருதல் கூடும். அவர்கள் ஊர் திரும்பும் நாளை எழுதி அனுப்பும்போது, விடைக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: கையில் எஞ்சிய பணத்தை அந்நாட்டிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று. அவ்வொரு வரி அவர்களுடைய சில நாள் உழைப்பைக் காப்பாற்றும்.